மலைக்கு வழி சமைத்த ஸ்கின்னர்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்குப் பஸ்ஸில் ஏறிச் செல்வோர் றம்பொடையை அடைந்ததும் பேச்சை நிறுத்திவிடுவது வழக்கம். கீழே கொத்மலைப் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும். அருவி விழும் ஓசை இன்ஜினின் முழக்கத்தையும் மீறிக் காதில் விழும். சற்று முன் தலைக்கு மேலே தெரிந்த பாதை, இரண்டு வளைவு கடந்தபின் காலுக்குக் கீழே தெரியும். அறுபது ஆண்டுகளாக நான் இவ்வழியே போய் வருகின்றேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை இவ்வழியே சுற்றுலா அழைத்துச் சென்றிருக்கின்றேன்; தேயிலையைப் பற்றியும் அருவியைப் பற்றியும் அவர்களுக்கு விரிவுரையும் செய்திருக்கின்றேன். ஆனால் இந்தப் பாதையை அமைத்தவர் யார் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. கேட்டவன் என் தங்கையின் பேரன்.

அவனைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட பல்லாயிரம் குடும்பங்களுள் என் தங்கையின் குடும்பமும் ஒன்று. நீலகிரியில் கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அவர்கள் மீண்டும் லயத்து வாழ்வையே தொடங்கினார்கள். அங்கே பிறந்த பேரன் பள்ளிப்படிப்பு முடித்து இந்தியப் படையில் சிப்பாயாகச் சேர்ந்தான். படை வாகனங்களைப் பழுதுபார்க்கும் பிரிவிலே சில ஆண்டுகள் எண்ணெய்க் கறை படிந்த கையோடு உழைத்தான். இப்பொழுது அதிகாரிப் பயிற்சிக்குத் தெரிவு செய்யப்பட்டு, அத்துடன் மோட்டார் வாகனப் பொறியியலும் பயின்று வருகின்றான். விடுமுறையிலே பாட்டி பிறந்த மண்ணைப் பார்க்க வேண்டுமென்று அட்டனுக்கு வந்திருந்தான்.

றம்பொடைப் பஸ்ஸில் அவன் அருவியையும் பார்க்கவில்லை, தேயிலையையும் பார்க்கவில்லை. சாரதியின் கால்களையும் கியர்க் கம்பியையுமே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தப் பாதை ஓரிடத்திலும் இன்ஜினைத் திடீரென்று திணறச் செய்யவில்லை என்றும், வளைவுகளிலே ஏற்றம் தணிந்து பின் பழையபடியே தொடர்கின்றது என்றும், இறங்கும் வண்டி கியரைக் குறைத்து இன்ஜினையே பிரேக்காகப் பயன்படுத்தி வரக்கூடிய அளவுக்கு மேல் எங்கும் சரிவு மிஞ்சவில்லை என்றும் அவன் எனக்கு விளக்கினான். பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமற் போய்விடுமாம். மலைநாட்டில் நேரும் விபத்துகள் பலவற்றின் காரணம் அதுவேயாம். மோட்டார் வண்டியே பிறவாத காலத்தில் இதை வகுத்தவன் யார் தாத்தா என்று கேட்டான். வெள்ளைக்காரர் என்று மட்டுமே எனக்குச் சொல்லத் தெரிந்தது. முப்பத்தைந்து ஆண்டு ஆசிரியத் தொழில் புரிந்தவனுக்கு இஃது ஒரு விடையா? வெட்கித்துப்போய், அவன் இங்கிருந்த இரண்டு வாரத்துக்குள் கிடைத்த நூல்களையெல்லாம் தேடிப் படித்தேன். மாலை வேளைகளில் அவனுக்குச் சொல்லி வந்ததையே இங்கும் எழுதுகின்றேன்.

இலங்கை வீதிகளின் வரலாறு பெரும்பாலும் ஒரு மனிதரின் வரலாறு. மேஜர் தோமஸ் ஸ்கின்னர் என்பது அவர் பெயர். 1804இல் வட அமெரிக்காவின் கீழ்க்கோடியிலுள்ள நியூபவுண்ட்லாந்துத் தீவில் பிறந்தவர். தந்தை பீரங்கிப் படையில் அதிகாரி. அந்தத் தந்தை திருகோணமலைக்கு மாற்றப்பட்டு வந்தபோது பள்ளிப் படிப்பை முடிக்காத மகனும் உடன் வந்தான். 1819இல் இலங்கைத் துப்பாக்கிப் படையில் அவனுக்கு இரண்டாம் லெப்டினன்ட் பதவி கிடைத்தது. அப்பொழுது அவனுக்கு வயது பதினைந்து. உடம்புக்கு அளவான சீருடை கிடைக்காததனால், பள்ளிக்கூடச் சட்டையோடேயே அந்தப் பாலகன் தன் முதற் கடமையை ஏற்றான். மீசை நரைத்த சிப்பாய்கள் அச்சிறுவனுக்குச் சலாம் வைத்து நின்ற காட்சியை எண்ணிப் பாருங்கள்.

இங்கே என் பேரன் சிரித்தான். தான் பத்து ஆண்டு சலாம் வைத்துப் பழகிய பின்னர்தான் சலாம் வாங்கும் பயிற்சிக்குப் போயிருப்பதாகச் சொன்னான். அவனுடைய வழி கீழிருந்து மேலே. ஸ்கின்னருக்கோ பதவி முதலில் வந்தது, கல்வி பின்னால் வந்தது. அக்காலத்திலே துரைமாரின் பிள்ளைகளுக்கு அது புதுமையன்று. பதவி வந்தபின் கல்வியைத் தேடிப் போனார் என்பதே அவரிடத்துப் புதுமை.

அக்கால நிலையையும் சிறிது நினைவிற் கொள்ள வேண்டும். கண்டி இராச்சியம் 1815இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1817இலும் 1818இலும் ஊவாவில் மூண்ட கிளர்ச்சி அவர்களை நடுங்க வைத்தது. மலைநாட்டுக்கு வண்டி போகும் பாதை ஒன்றேனும் இல்லை. ஒற்றையடித் தடங்களில் பீரங்கியை இழுத்துச் செல்ல இயலாது. உணவு மூட்டைகளையெல்லாம் மனிதத் தலைகளே சுமந்தன. காட்டுக் காய்ச்சலால் மடிந்த படைவீரர், போரில் மடிந்தோரிலும் மிகுதி. 1820இல் ஆட்சிக்கு வந்த எட்வர்ட் பார்ன்ஸ், வாட்டர்லூப் போரில் காயம்பட்டுத் தேறியவர். கோட்டைகளைக் கட்டி இந்த நாட்டை ஆள முடியாது, பாதைகளை வெட்டினால்தான் ஆள முடியும் என்று அவர் துணிந்தார். கொழும்பு கண்டி வீதி அவ்வாறே பிறந்தது. நாட்டைப் பிடித்து வைத்திருப்பதற்காகவே அது வெட்டப்பட்டது. நாம் பள்ளிக்கூடத்தில் படித்த நாகரிகப் பரவல் என்பதெல்லாம் பின்னால் ஒட்டிய வர்ணம்.

அந்த வேலைக்குப் பதினாறு வயது ஸ்கின்னரையும் பார்ன்ஸ் அனுப்பினார். வீதியின் ஒரு பகுதி அவன் பொறுப்பில் விடப்பட்டது. வேலைக்கு வந்தவர்கள் இராசகாரியக் கடமையின் பெயரால் ஊரூராகத் திரட்டப்பட்ட கண்டிக் கிராமத்தவர். மன்னர் காலத்திலிருந்து வந்த அவ்வழக்கத்தை ஆங்கிலேயரும் விடாது பயன்படுத்தினார்கள். 1832இல்தான் அது ஒழிக்கப்பட்டது. வேலை செய்ய வந்தவர்களுக்கும் வீதி போடத் தெரியாது. வேலை வாங்க வந்தவனுக்கும் தெரியாது. பாறையிலே துளை போடுவது எப்படி, வெடிமருந்தை எவ்வளவு அடைப்பது, மழைநீர் பாதையை அறுத்துவிடாமல் எந்தப் பக்கம் கான் வெட்டுவது என்பனவற்றையெல்லாம் அவன் வேலைத்தலத்திலேயே கற்றான். ஆசிரியனும் அவனே, மாணவனும் அவனே. பிழை செய்த இடங்களை அடுத்த மழை காட்டிக்கொடுத்திருக்கும்.

அவ்வீதியின் கடினமான பகுதி கடுகண்ணாவை ஏற்றம். அங்கே ஒரு பாறையைக் குடைந்து பாதையை நுழைத்தார்கள். மலையைத் துளைத்துக்கொண்டு வருபவர்க்கே கண்டி நாடு பணியும் என்றொரு பழைய நம்பிக்கை இருந்ததாகவும், அதை மெய்ப்பிக்கவே ஆங்கிலேயர் அப்பாறையைக் குடைந்தனர் என்றும் ஊரார் சொல்வர். வீதியமைப்பில் முன்னின்ற கப்டன் டோசன் 1829இல் இறந்தார். கணவாயின் உச்சியில் நிற்கும் உயர்ந்த கோபுரம் அவர் நினைவாக எழுப்பப்பட்டது. 1832இல் கொழும்புக்கும் கண்டிக்குமிடையே குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. ஆசியாவிலேயே முதலாவது தபால் வண்டி அதுவென்பர்.

இவ்வளவுக்குப் பின்னரும் ஸ்கின்னர் தம்மைக் கற்றவராக எண்ணவில்லை. அவர் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனித்தான் வருகின்றது. பேராதனையில் மகாவலியின் குறுக்கே முதிரை மரத்தால் ஒற்றை வளைவுப் பாலம் கட்டிப் புகழ்பெற்ற பிரேசர் என்னும் அதிகாரியின் கீழ் அவர் பணியாற்ற நேர்ந்தது. மலைநாட்டுக்குச் சரியான தேசப்படம் இல்லாத குறையைப் பிரேசர் உணர்ந்திருந்தார். படம் வரைய நிலத்தை அளக்க வேண்டும். அளக்கத் தியோடலைட்டு என்னும் கோணக் கருவி வேண்டும். ஸ்கின்னர் அக்கருவியைத் தொட்டதே இல்லை. கற்பிப்பாரும் இல்லை. கருவியைக் கேட்டு வாங்கி, தாமாகவே அதைத் திருப்பியும் உயர்த்தியும் பார்த்து, அதன் போக்கைப் பிடித்துக்கொண்டு, அளவை வேலையைத் தொடங்கிவிட்டார். பதவியிலே உயர்ந்த ஒருவர், தமக்குத் தெரியாது என்று பிறர் காண ஒப்புக்கொண்டு மாணவனாய் உட்காருவது எளிய காரியமன்று. எத்தனையோ பெரியவர்கள் இந்த ஒரு படியிலேயே நின்றுவிடுகின்றார்கள்.

அளவையின் நுட்பம் மாணவர்களுக்குத் தெரிந்ததுதான். சமநிலத்தில் ஒரு நேர்கோட்டைச் சங்கிலியால் மிகக் கவனமாக அளந்துகொள்வார்கள். அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு மலையுச்சியை நோக்கிக் கோணங்களை எடுப்பார்கள். ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் முக்கோணம் முழுவதும் தெரிந்துவிடும். அதன் பக்கமொன்றை அடியாகக் கொண்டு அடுத்த உச்சிக்குப் போகலாம். இப்படியே முக்கோணத்தின்மேல் முக்கோணம் அடுக்கி நாட்டையே வலைபோல மூடிவிடலாம். தாளிலே இஃது எளிது. மலைநாட்டிலோ ஒவ்வொரு கோணத்துக்கும் ஓர் உச்சிக்கு ஏறவேண்டும்; ஏறினால் மூடுபனி இருக்கும்; பனி விலகும்வரை கூரையில்லாத இடத்திலே நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். உச்சியிலுள்ள மரங்களை வெட்டினாலன்றி அடுத்த உச்சி தெரியாது. ஸ்கின்னர் இப்படிச் சுற்றித் திரிந்து அளந்த அளவுகளே பின்னர் இலண்டனில் அச்சேறிய இலங்கைத் தேசப்படத்தில் மலைநாட்டுப் பகுதிக்கு அடிப்படையாயின.

அவருக்கு வழிகாட்டியவை யானைகள். காட்டு யானைகள் மலைமுகடுகளைப் பற்றிச் செல்லும் தடங்கள், மனிதன் கருவி வைத்து வகுக்கும் வழியைப் போலவே சரிவு கூடாமல் அமைந்திருப்பதை அவர் கண்டார். சிவனொளிபாத மலையின் உச்சியிலேயே 1840இல் யானையின் காலடித் தடத்தை அவர் கண்டதாக எமேர்சன் தெனென்ற் தமது நூலிற் குறிக்கின்றார். அடியார்கள் படியேறியும் சங்கிலி பற்றியும் செல்லும் இடம் அது! தெனென்றுக்கு ஸ்கின்னர் கூறியனுப்பிய மற்றொரு செய்தியும் உண்டு. கோடைக் காலத்தில் ஒருநாள் இரவு, நுவரகலாவியவில் ஒரு குளக்கரை மரத்தின்மேல் அவர் நிலவொளியில் காத்திருந்தாராம். முதலில் ஒரு பெரிய யானை மட்டும் காட்டிலிருந்து வெளிப்பட்டு, நின்று, செவிசாய்த்துக் கேட்டு, மீண்டும் சில அடி வந்து நின்றது. பின்னர் திரும்பிச் சென்று ஐந்து யானைகளை அழைத்து வந்து காவலாக நிறுத்தியது. அதன் பின்னரே கூட்டம் முழுவதையும் தண்ணீருக்குக் கூட்டி வந்தது. படைவீரர் ஒருவருக்கு அதைவிட நல்ல பாடம் வேறெங்கே கிடைக்கும் என்று என் பேரன் வியந்தான். தலைவன் தன் உயிரை முதலில் வைத்துப் பார்த்த பின்னரே கூட்டத்தை அழைத்தானே என்பது அவன் கண்ட பொருள்.

அந்த 1840இல் சிவனொளிபாத உச்சியில் நின்றபோதுதான் அட்டனும் மஸ்கெலியாவும் டிக்கோயாவும் திம்புலையும் ஸ்கின்னரின் கண்ணுக்குப் புலப்பட்டன. இப்பெயர்கள் அன்று இவ்வளவு வழங்கியிருக்கமாட்டா. கண்ணுக்கெட்டியவரை ஒரே கருங்காடு. பாதை மட்டும் போட்டுவிட்டால் இக்காடு உலகத்தின் பூந்தோட்டமாகும் என்று அவருக்குத் தோன்றியது. அவ்வெண்ணத்தை அரசினரிடமும் தெரிவித்தார். பாதை வந்தது, காடு அழிந்தது, கோப்பி எழுந்தது. நானும் நீங்களும் பிறந்த தோட்டங்கள் முதன்முதலில் ஒரு மனிதரின் கற்பனையில் அந்த உச்சியில் முளைத்தன என்று எண்ணும்போது எனக்கு மெய் சிலிர்க்கின்றது. அந்தச் சிலிர்ப்பு முழுவதும் மகிழ்ச்சியினால் வந்ததன்று.

1841இல் அவர் வீதிகளின் ஆணையாளரானார். அப்பொழுது கோப்பி வெறி உச்சத்தில் இருந்தது. தேசாதிபதி முதலாக நீதிபதி, படைத்தலைவர், பாதிரியார் வரை காணி வாங்காத வெள்ளையர் அரிதாயினர். கோப்பி மூட்டை கொழும்புக்குப் போக வேண்டும். அரிசி மூட்டை மலைக்கு வரவேண்டும். பாதை இல்லாத தோட்டத்தில் விளைச்சல் இருந்தும் பயனில்லை. இராசகாரியம் ஒழிந்துவிட்டபடியால் கூலிகொடுத்து வேலை வாங்கப் பயனியர் படை என்றொரு படை அமைக்கப்பட்டது. துப்பாக்கிக்குப் பதிலாகப் பிக்காசும் அலவாங்கும் மண்வெட்டியும் ஏந்திய படை அது. அணிவகுப்பு உண்டு, பிரிவுத் தலைவர் உண்டு, காட்டிலே கூடாரம் உண்டு. அதில் இருந்த சில ஆயிரம் பேருள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர் பெருந்தொகையினர். எனவே மலைநாட்டுக்கு நம்மவர் தேயிலை பறிக்க வந்தார்கள் என்று சொல்வது வரலாற்றின் பின்பாதியைச் சொல்வதாகும். கோப்பிக்கும் பாதைக்கும் முதலில் வந்தார்கள். தேயிலைக்கு அவர்களுடைய பிள்ளைகள் வந்தார்கள்.

பாதையின் கணக்கை என் பேரனே எனக்குச் செய்து காட்டினான். கம்பளை கடல்மட்டத்துக்குமேல் சுமார் 1,600 அடி. நுவரெலியா சுமார் 6,200 அடி. ஏறவேண்டியது 4,600 அடி. பாரமேற்றிய மாட்டுவண்டிக்கு இருபது அடி நீளத்துக்கு ஓரடி ஏற்றம் தாங்கும் என்று வைத்துக்கொண்டால், ஓரிடத்தும் இறங்காமல் போனாலும் பதினேழு மைலுக்கு மேற்பட்ட பாதை வேண்டும். இடையில் ஓடைகள், பள்ளங்கள், வளைவிலே மாடு மூச்சுவிடச் சமதளம். ஆகையாற்றான் காகம் பறக்கும் தூரம் சிறிதாயிருக்க, பாதை முப்பது மைலுக்கு மேல் நீண்டுவிட்டது. மாட்டின் மூச்சுக்காக வகுத்த சரிவு, பிற்காலத்தில் மோட்டார் இன்ஜினின் மூச்சுக்கும் பொருந்திவிட்டது. சுமையை மேலே இழுக்கும் எதற்கும் விதி ஒன்றே என்று அவன் முடித்தான். அக்கணக்கை அன்றே என் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்.

இனி எழுதுவது எனக்குக் கசப்பான பகுதி. ஆயினும் இதை விட்டுவிட்டு ஸ்கின்னரைப் புகழ்ந்தால் எம் முன்னோர்க்குத் துரோகம் செய்தவனாவேன்.

கண்டிக்கும் கொழும்புக்குமிடையே கோப்பிக்காகச் செப்பமான வீதி இருந்தது. கோப்பியைப் பறிக்க வந்த மனிதர்களுக்கு என்ன இருந்தது? இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளிச் சீமைகளிலிருந்து பஞ்சத்துக்குத் தப்பி வந்தவர்கள் படகேறி மன்னார்ப் பக்கத்தில் இறங்கினார்கள். அங்கிருந்து மாத்தளைவரை நூறு மைலுக்கு மேல் காடு. தண்ணீர் இல்லை, தங்குமிடம் இல்லை. வாந்திபேதியும் காய்ச்சலும் வழியெங்கும் பதுங்கியிருந்தன. விழுந்தவரைத் தூக்கிச் செல்லக் கூடவந்தவருக்கு வலுவில்லை, கங்காணிக்கோ நேரமில்லை. 1840களில் இப்படி மடிந்தோர் எழுபதாயிரம் பேர் என்று 1849இல் கொழும்புப் பத்திரிகையொன்று கணக்கிட்டது. அத்தொகை மிகையா என்று வரலாற்றாசிரியர் இன்றும் வாதிடுகின்றனர். அதிற் பாதியேயாயினும் கொடுமை குறைந்துவிடாது. 1855இல் தேசாதிபதியாக வந்த சர் ஹென்றி வார்ட் காலத்திலேதான் வடக்கு வீதியிலே கிணறும் மடமும் மருந்தும் சிறிது சிறிதாகத் தலைகாட்டின.

அத்தனை ஆண்டும் வீதிகளின் ஆணையாளர் ஸ்கின்னரே. எந்த வீதிக்குப் பணம் ஒதுக்குவது என்பது தேசாதிபதியும் இலண்டன் காரியாலயமும் தீர்மானிக்கும் விடயம் என்று அவருக்காக வாதாடலாம், அவ்வாதம் பொய்யன்று. அவர் கல்நெஞ்சரும் அல்லர். கண்டிக் கிராமத்தவர் படும் அவதியைப் பற்றி 1849இல் அவர் எழுதிய அறிக்கை துணிச்சலானது. கோப்பிப் பணம் கிராமங்களுக்குள் புகுந்து பழைய கட்டுப்பாட்டைக் குலைத்ததையும், வரி வருமானத்துக்காக அரசு ஊரூராகச் சாராயத் தவறணைகளைத் திறந்துவிட்டதையும், குடிமக்களை அறியாமலே அதிகாரிகள் ஆள்வதையும் தாம் சேவித்த அரசின் முகத்துக்கு நேரே எடுத்துரைத்தார். முந்திய ஆண்டில் கண்டியிலும் மாத்தளையிலும் மூண்ட கிளர்ச்சி ஈவிரக்கமின்றி அடக்கப்பட்டிருந்த நேரம் அது. அவ்வளவு கூர்மையான கண்கள் வடக்கு வீதியில் விழுந்து கிடந்தவர்களைக் காணாமலா இருந்திருக்கும்? அவருடைய சுயசரிதையை இரண்டு முறை புரட்டிப் பார்த்தேன். பயனியர் படையிற் பிக்காசு பிடித்த எம்மவர் ஒருவர் பெயராவது இருக்குமா என்று தேடினேன். என் கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

இதைக் கேட்டபோது பேரன் நெடுநேரம் பேசாதிருந்தான். பிறகு தன் பாட்டியைப் பற்றிக் கேட்டான். 1972இல் அவளை நான் அட்டன் புகையிரத நிலையத்தில் வழியனுப்பியதைச் சொன்னேன். அந்த வண்டியை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றே அழைத்தார்கள். ஒரு பெட்டி, ஒரு பாய்ச் சுருள், ஓர் அம்மிக்கல். அம்மிக்கல் எதற்கு என்று நான் கோபித்துக்கொண்டேன். அது அம்மாவுடையது என்று அவள் விடவில்லை. தலைமன்னார்வரை அவள் போன வழி, நூறு ஆண்டுகட்கு முன் எங்கள் பூட்டன் நடந்து வந்த வழியின் மறுமுனை. அந்த அம்மி இன்றும் கோத்தகிரி வீட்டில் இருப்பதாகப் பேரன் சொன்னான்.

ஸ்கின்னரின் இறுதிக் காலத்தைச் சுருங்கச் சொல்லிவிடலாம். 1867இல் அவர் ஓய்வு பெற்றார். அவர் வந்தபோது வண்டிப் பாதை என்று சொல்லத்தக்கது பெரும்பாலும் இல்லாத இந்நாட்டில், அவர் போகும்போது ஏறக்குறைய மூவாயிரம் மைல் வீதி இருந்தது. அந்த 1867ஆம் ஆண்டை மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். கொழும்பிலிருந்து புகையிரதம் கண்டியை எட்டிப்பிடித்தது அவ்வாண்டிலேதான். லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டதும் அவ்வாண்டிலேதான். இரண்டு ஆண்டுகளில் கோப்பியை அழிக்கும் இலைநோய் தலைகாட்டியது. யாருக்காக அவர் பாதை போட்டாரோ அந்தக் கோப்பி, அவர் கண் மூடுமுன்னரே நோய்ப்பட்டது. 1877இல் இங்கிலாந்தில் அவர் காலமானார். அவர் எழுதிவைத்த சுயசரிதையை மகள் ஆனி 1891இல் பதிப்பித்தார். அதற்கு முன்னுரை வழங்கியவர், வடமொழி அகராதியால் நம் புலவர்கள் நன்கறிந்த மோனியர் வில்லியம்ஸ். இலங்கையில் ஐம்பது ஆண்டுகள் என்பது நூலின் பெயர். பெருமை பேசாத நடை. சில இடங்களில் வேண்டிய அளவுக்குக்கூடப் பேசாத நடை.

பேரன் புறப்படும் நாளில் கண்டியில் உறவினர் வீட்டில் தங்கிவிட்டு, மறுநாட் காலை கடுகண்ணாவையில் இறங்கினோம். டோசன் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தான். கல்வெட்டிலிருந்த பெயரைப் படித்தான். பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு குடைந்த பாறையின் உள்ளே போய், சுவரிலே கையை வைத்துத் தடவினான். உளிபட்ட பள்ளங்கள் விரலுக்குத் தட்டுப்பட்டன. ஒரு மனிதன் ஒரு நாளைக்கு எத்தனை அங்குலம் குடைந்திருப்பான் என்று கேட்டான். என்னிடம் விடை இல்லை.

வெளியே வந்ததும், பையிலிருந்து பாதியளவு நீர் நிறைந்த போத்தல் ஒன்றை எடுத்துத் தெருவோரத்துக் கல்லின்மேல் படுக்க வைத்தான். தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. குனிந்து கண்ணைப் போத்தலின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, விரல்களால் ஏதோ அளந்து, என் குறிப்புப் புத்தகத்தை வாங்கி ஓர் எண்ணை எழுதினான். அதற்குள் கொழும்பு பஸ் வளைவில் ஒலியெழுப்பிக்கொண்டு வந்துவிட்டது. போத்தலை அப்படியே என் கையிற் கொடுத்துவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டான்.